முதுகில் அச்சடித்த நேர்மை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் எழுவர் காற்பந்துப் போட்டிக்கு அணி சேர்க்கிறவர்கள் முதலில் ஆட்டக்காரர்களைத்தான் தேடிப் போவார்கள் என்று நினைத்தால் தவறு. முதலில் போவது ஜெர்சி அச்சடிக்கிறவரிடம். நிறம், காலர், முன்பக்கம் உபயதாரர் பெயர், கையில் கொடி எல்லாம் முடிவான பிறகு, முதுகில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் மிஞ்சும். அங்கே இப்போதெல்லாம் ஒரு வாசகம் ஏறிவிடுகிறது. 'நேர்மையே வெற்றி', 'ஒழுக்கமே உயர்வு', மலாயில் எழுதுவதென்றால் 'இந்தெக்ரித்தி'. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு எடுக்கும் டி-சட்டைகளிலும் இதே கதைதான். யாரும் மறுப்பதில்லை. நல்ல வார்த்தைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள்.

இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வாசகம் எதையாவது செய்கிறதா? சட்டையில் எழுதியதால் அதைப் போட்டிருக்கும் பையன் கொஞ்சமாவது நேர்மையாக ஆடுகிறானா? இதற்குப் பதில் தேட, உளவியலிலிருந்தும் விளையாட்டு வரலாற்றிலிருந்தும் சில செய்திகள் தெரிந்திருந்தால் போதும்.

ஆட்டத்தில் நேர்மை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். விதியை மீறாமல் ஆடுவது குறைந்தபட்சம். அதற்கு மேல் ஒரு படி இருக்கிறது. ஏமாற்ற வாய்ப்பு இருக்கிறது, ஏமாற்றினால் லாபம் இருக்கிறது, பிடிபடமாட்டோம் என்கிற தைரியமும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பதுதான் அந்தப் படி. நம் பக்கத்துப் போட்டிகளில் இது என்னென்ன வடிவத்தில் வரும் என்பது திடலோரம் நின்று பார்த்த எல்லோருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து அழைத்துவந்த ஆட்டக்காரர் இன்னொருவர் பெயரில் இறங்குவார். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் மீசை அரும்பிய பையன் ஒருவன் நிற்பான். காலிறுதியில் எளிய அணி கிடைக்கட்டும் என்று கடைசிக் குழு ஆட்டத்தை அரைமனதாக ஆடுவார்கள்.

இதெல்லாம் தோட்டத்துத் திடலில் மட்டும் நடப்பவை என்று வெட்கப்பட வேண்டாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பூப்பந்து மகளிர் இரட்டையர் ஜோடிகள் நான்கு, வசதியான எதிரணிக்காக வேண்டுமென்றே தோற்க முயன்றதற்காக வெளியேற்றப்பட்டன. 2025 செப்டம்பரில், தேசிய அணியில் ஆடிய ஏழு பேரின் மூதாதையர் பிறப்பு ஆவணங்கள் போலியானவை என்று முடிவு செய்த ஃபிஃபா, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் ஆட்டக்காரர்களுக்குத் தடையும் விதித்தது. நவம்பரில் மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தது. 'இன்னார் பெயரில் இன்னார்' என்கிற சிக்கலுக்கு உள்ளூர், உலகம் என்ற வேறுபாடு கிடையாது.

வாசகச் சட்டைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள், உடை மனத்தை மாற்றும் என்பார்கள். இதற்கு அடிப்படையாக ஓர் ஆய்வு உண்டு. 2012இல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் சிலரை வெள்ளை அங்கி அணியச் செய்து கவனச் சோதனை வைத்தார்கள். மருத்துவர் அங்கி என்று சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள் கூடுதல் கவனத்தோடு செயல்பட்டார்கள். அதே அங்கியை ஓவியர் அங்கி என்று சொன்னபோது அந்தப் பலன் இல்லை. செய்தி உலகம் சுற்றியது. ஆனால் அந்த ஆய்வின் முதல் சோதனையை 2019இல் அதிகம் பேரை வைத்து மறுபடி செய்து பார்த்தபோது பலன் எதுவும் தென்படவில்லை. அந்தப் பலன் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அது கவனத்தைப் பற்றியது. கவனமாக ஏமாற்றுகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள்.

விளையாட்டு உடையைப் பற்றியே ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. எனக்கு இதுதான் சுவையானது. மார்க் ஃபிராங்க், தாமஸ் கிலோவிச் இருவரும் அமெரிக்கக் கால்பந்து, ஐஸ் ஹாக்கி லீக்குகளின் தண்டனைக் கணக்குகளைப் புரட்டி 1988இல் வெளியிட்டது. கறுப்புச் சீருடை அணிகளுக்குத் தண்டனை அதிகமாகவே விழுந்திருந்தது. கறுப்பு அணிந்ததும் முரடாகிவிடுகிறார்களா? ஓரளவு அப்படியும் இருக்கலாம் என்றது ஆய்வு. ஆனால் ஒரே மாதிரி ஆட்டக் காட்சியை வெள்ளை உடையிலும் கறுப்பு உடையிலும் தனித்தனியே படமெடுத்து நடுவர்களிடம் காட்டியபோது, கறுப்பு உடைக்காரர்களைத்தான் அவர்கள் கூடுதலாகத் தண்டிக்க நினைத்தார்கள். அதாவது உடை, அணிந்தவரை எந்த அளவு மாற்றியதோ தெரியாது. பார்க்கிறவர் கண்ணை மாற்றிவிட்டது.

வாசகச் சட்டையையும் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். 'நேர்மை' என்று எழுதிய ஜெர்சி முதலில் வேலை செய்வது உபயதாரரின் பெயருக்கு, பிறகு திறப்பு விழாவில் பேச வரும் பிரமுகருக்கு, பிறகு படம் எடுத்துப் பகிர்கிற சங்கத்துக்கு. ஆட்டக்காரனுக்கு முதுகில் இருப்பது தெரியாது. அவன் முதுகை அவனே பார்த்துக்கொள்ள முடியாதே.

நினைவூட்டினால் போதுமா?

அடுத்த வாதம் கொஞ்சம் வலுவானது. மனிதர்கள் கெட்டவர்கள் இல்லை, மறந்துவிடுகிறார்கள். சரியான நேரத்தில் நினைவூட்டினால் நேராகிவிடுவார்கள் என்பது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சொன்னது. கணக்குப் புதிரில் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே சொல்லிக்கொள்ளலாம் என்று மாணவர்களுக்கு ஒரு சோதனை. அதற்கு முன் பைபிளின் பத்துக் கட்டளைகளை நினைவுபடுத்தி எழுதச் சொன்னால், மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்வது குறைந்தது என்றார்கள். சட்டையில் வாசகம் எழுதுகிறவர்களுக்கு இதைவிடச் சாதகமான அறிவியல் கிடைக்காது. 2018இல் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதையே திரும்பச் செய்து பார்த்தன. கட்டளை எழுதியவர்களும் படித்த புத்தகங்களைப் பட்டியலிட்டவர்களும் ஏமாற்றியதில் வேறுபாடு கிடைக்கவில்லை.

இன்னொன்று இதைவிடப் பிரபலம். படிவத்தின் அடியில் வாங்கும் கையொப்பத்தை மேலேயே வாங்கிவிட்டால், 'உண்மையே எழுதுவேன்' என்ற உறுதி மனத்தில் நின்று, பொய் குறையும் என்றது 2012ஆம் ஆண்டு ஆய்வு. பல இடங்களில் படிவங்களையே மாற்றலாமா என்று யோசித்தார்கள். 2020இல் அதே ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தபோது பலன் வரவில்லை. 2021இல், அதில் பயன்பட்ட கார் காப்புறுதித் தரவுகள் இட்டுக்கட்டப்பட்டவை என்று வெளியில் வந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையை வளர்க்க வழி சொன்ன கட்டுரைக்கே அந்தக் கதி.

நம் நாட்டுக்கு இந்தச் சங்கதி புதிதல்ல. பள்ளிச் சபைகூடலில் ருக்குன் நெகாரா என்கிற தேசியக் கோட்பாட்டை ஒப்பிக்காமல் வளர்ந்த பிள்ளை உண்டா? 1982இல் அரசாங்கம் 'பெர்சே, செக்காப், அமானா' என்று தொடங்கியது. தூய்மை, திறமை, நம்பிக்கை. வாசகம் சுவரெங்கும் இருந்தது. அந்தக் காலத்தில் அரசு அலுவலகங்களில் வந்த இன்னும் இரண்டு, நேரம் பதிகிற அட்டையும் நெஞ்சில் குத்துகிற பெயர்ப் பட்டையும். வாசகத்தைப் படிக்காமல் நகர்ந்துவிடலாம். ஒன்பது மணிக்கு வந்துவிட்டு எட்டு மணி என்று அட்டையில் பதிய முடியாது. பெயர்ப் பட்டைக்குப் பிறகு வருகிறேன்.

விலை இல்லாத வாசகம்

ஒரு வாசகத்தை நம்பலாமா என்று பார்க்க எளிய வழி, அதைச் சொன்னவருக்கு என்ன செலவு ஆகிறது என்று கேட்பது. பொருளாதாரத்தில் இதை விரிவாகப் பேசுகிறார்கள். யார் வேண்டுமானாலும் காசு செலவில்லாமல் காட்டிவிடக்கூடிய அடையாளம், காட்டுகிறவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. நேர்மையானவனும் 'நேர்மை' சட்டை போடலாம், திருடனும் போடலாம், விலை ஒன்றுதான். நேர்மையற்றவனுக்குக் கட்டுப்படியாகாத அடையாளம்தான் ஆளைப் பிரித்துக் காட்டும்.

1997 மார்ச் மாதம் லிவர்பூல் ஆட்டக்காரர் ராபி ஃபவுலருக்கு நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். 20ஆம் தேதி நார்வேயின் பிரான் பெர்கன் அணிக்கு எதிராகக் கோல் அடித்தவர், ஜெர்சியைத் தூக்கி உள்ளே இருந்த சட்டையைக் காட்டினார். அதில் லிவர்பூல் துறைமுகத்தில் வேலை நீக்கப்பட்ட சுமார் 500 தொழிலாளர்களுக்கு ஆதரவு வாசகம். ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் அவருக்கு 2,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. நான்கு நாள் கழித்து ஆர்செனலுடன் ஆட்டம். கோல் காவலர் டேவிட் சீமன் முன்னால் ஃபவுலர் விழுந்தார், நடுவர் பெனால்டி கொடுத்தார். ஃபவுலர் எழுந்து, அவர் என்னைத் தொடவில்லை என்று கையசைத்து மறுத்தார். நடுவர் முடிவை மாற்றவில்லை. அவரே உதைத்தார், சீமன் தடுத்தார், திரும்பி வந்த பந்தை இன்னொரு லிவர்பூல் ஆட்டக்காரர் வலைக்குள் தள்ளினார். ஆக, கோல் எப்படியும் விழுந்துவிட்டது. ஆனால் தன் அணிக்குக் கிடைத்ததை வேண்டாம் என்று சொன்னதற்காக ஃபவுலரைப் பாராட்டி ஃபிஃபாவிலிருந்து கடிதம் வந்தது.

ஒரே ஆள், ஒரு வாரத்துக்குள். வாசகம் காட்டியதற்கு அபராதம். வாசகமே இல்லாமல் நேர்மையாக நடந்ததற்குப் பாராட்டு. காற்பந்து விதிகளில் நான்காவது, ஆட்டக்காரர் உடையில் அரசியல், மத, தனிப்பட்ட வாசகங்கள் கூடாது என்கிறது. அந்த விதிக்கு நியாயம் உண்டு. திடல் தேர்தல் மேடையாகிவிடக் கூடாது. ஆனால் அதன் பக்கவிளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரையும் உறுத்தாத வாசகம் மட்டுமே வடிகட்டி உள்ளே வரும். 'நேர்மை வேண்டும்' என்பதை எதிர்த்து யார் கொடி பிடிக்கப் போகிறார்கள்? உறுத்தாத வாசகத்தை அணிய எந்தத் துணிச்சலும் தேவைப்படாது.

விலை வந்தால் என்ன ஆகும் என்பதை 2022 கத்தார் உலகக் கிண்ணத்தில் பார்த்தோம். பாகுபாட்டுக்கு எதிரான கைப்பட்டையோடு இறங்குவதாக ஏழு ஐரோப்பிய அணிகள் பல வாரங்களாகச் சொல்லிவந்தன. அணிந்தால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா சொன்னதும், முதல் ஆட்டத்துக்கு முன்பே ஏழும் கைவிட்டன. அந்த வாசகத்தோடு நமக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. ஒரு மஞ்சள் அட்டை, அவ்வளவுதான் அதன் விலையாக இருந்தது. மாறாக, 2012இல் இத்தாலியின் லாட்சியோ அணிக்காக ஆடிய மிரோஸ்லாவ் குளோசே, நாப்போலிக்கு எதிராக விழுந்த தன் கோல் கையில் பட்டுப் போனது என்று நடுவரிடம் தாமே சொல்லி அதை ரத்து செய்ய வைத்தார். அவர் அணி 3–0 என்று தோற்றது.

வாசகம் வெறுமனே பயனற்றுக் கிடந்தால் பரவாயில்லை. சில வேளை அது மறைப்பாகவும் ஆகிவிடும். சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் புற்றுநோயாளிகளுக்காக நடத்திய அறக்கட்டளையும் நைக்கியும் 2004இல் ஒரு மஞ்சள் ரப்பர்க் கைவளையத்தை ஒரு டாலருக்கு வெளியிட்டன. தூர் த ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் ஜெர்சியின் நிறம் அது. வாழும் வலிமையைச் சொல்லும் ஒரு சொல் அதில் பொறித்திருந்தது. எட்டு கோடிக்கும் மேல் விற்றது. அணிந்தவர்கள் மனமார அணிந்தார்கள், புற்றுநோயாளிகளுக்குப் போன உதவியும் உண்மை. ஆனால் அவரைச் சந்தேகித்துக் கேள்வி கேட்டவர்கள் கோடிக்கணக்கான நல்லெண்ணத்தை எதிர்த்துக் கேட்க வேண்டியிருந்தது. 2012இல் அவருடைய ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் ஊக்கமருந்து எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டார்.

உளவியலில் இதற்கு நெருக்கமான கருத்து ஒன்று உண்டு. நல்லது ஒன்றைச் சொல்லியோ செய்தோ காட்டிவிட்ட பிறகு, கணக்கில் புண்ணியம் இருக்கிறது என்று மனம் கொஞ்சம் தளர்ந்துகொள்ளும். பெனுவா மோனின், டேல் மில்லர் இருவரும் 2001இல் காட்டியது இது: பெண்களைத் தாழ்த்தும் வாக்கியங்களை மறுத்துத் தங்கள் நியாயத்தை நிறுவிக்கொண்டவர்கள், அடுத்து ஒரு வேலைக்கு ஆள் எடுக்கச் சொன்னபோது ஆணுக்குச் சாதகமாகத் தயக்கமின்றிச் சாய்ந்தார்கள். இந்த விளைவு பெரிதல்ல, சிறிதுதான் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. சிறிதானாலும் போகிற திசை எது என்று கவனியுங்கள்.

சட்டையைத் தைத்தவர்கள் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. 2008இல், நைக்கிக்காக டி-சட்டை தைத்த ஒரு மலேசிய ஒப்பந்த ஆலையில் அயல்நாட்டுத் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் பிடித்துவைக்கப்பட்டிருந்ததையும், ஆள்சேர்ப்புக் கட்டணக் கடனில் அவர்கள் மாட்டியிருந்ததையும், நெருக்கடியான தங்குமிடத்தையும் ஓர் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி காட்டியது. நிறுவனம் குறையை ஒப்புக்கொண்டு, கட்டணத்தைத் திருப்பித் தரவும் தங்குமிடத்தை மாற்றவும் ஏற்பாடு செய்தது. கங்காணிக்குக் கடன்பட்டுக் கப்பலேறியவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். இந்த ஏற்பாடு எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 'நேர்மை' என்று அச்சடித்த சட்டை நம்ப முடியாத மலிவில் கிடைத்தால், அந்த மலிவு யார் கூலியிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

எப்போது வேலை செய்யும்?

வாசகமே வீண் என்று முடித்துவிட நான் தயாரில்லை. 1992இல் கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் எலியட் ஆரன்சனும் சிலரும் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. அப்போது அங்கே தண்ணீர்ப் பஞ்சம். நீச்சல் முடித்துக் குளிக்க வரும் மாணவிகளில் சிலரைத் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்ற சுவரொட்டியில் கையொப்பமிடச் சொன்னார்கள். வேறு சிலரிடம், தாங்கள் எவ்வளவு நேரம் குளிக்கிறோம் என்று யோசிக்க வைக்கும் கேள்விகளைக் கேட்டார்கள். மூன்றாவது கூட்டத்திடம் இரண்டையும் செய்தார்கள். எதுவும் கேட்கப்படாதவர்கள் சராசரியாக ஐந்து நிமிடம் குளித்தார்கள். இரண்டும் செய்யப்பட்டவர்கள் நான்கு நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள். இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் கிடைக்கும் வழி நமக்கு உதவும். வாசகம் தானே விரும்பிக் கையொப்பமிட்டதாக இருக்க வேண்டும். அதோடு, தான் அதை எங்கே மீறினோம் என்பதும் அதே நேரத்தில் கண்முன் நிற்க வேண்டும். அந்த உறுத்தல்தான் குழாயை அடைக்கிறது. ஜெர்சி வாசகத்தில் இரண்டுமே இல்லை. சங்கத் தலைவர் தேர்ந்தெடுத்தது, யாரையும் குத்தாதது.

இப்போது பெயர்ப் பட்டைக்கு வருவோம். 1976இல் எட் டீனரும் குழுவினரும் சியாட்டில் நகரில் ஹாலோவீன் இரவு மிட்டாய் கேட்டு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கவனித்தார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விடுவார். பெயரும் வீடும் கேட்கப்பட்ட பிள்ளைகள் குறைவாகவே கூடுதல் எடுத்தார்கள். கூட்டமாக, பெயர் தெரியாமல் வந்தவர்கள் அதிகம் அள்ளினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தோட்டத்து லயன் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. அங்கே ஆடுகிற ஒவ்வொருவனும் இன்னார் மகன், இன்னார் தம்பி. வெளியாளை இறக்கினால் கோயில் வாசல் வரைக்கும் பேச்சு போய்விடும். அந்த மக்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டத்துக்கும் இடம்விட்டுப் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளில் சிதறிய பிறகு, பத்துத் தாமானிலிருந்து ஏழு பேர் சேர்ந்தால் ஓர் அணி. எதிரணிக்காரனை யாருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு அணியின் பெயரே மாறிவிடும். அறிமுகம் போன இடத்தில் வாசகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவில்லை. அங்கேயும் நடுவரை அடிக்க ஓடியிருக்கிறார்கள். ஆனால் அடிக்க ஓடியவன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே ஜெர்சிக்குக் கொடுக்கும் பணத்தில் முதுகில் எதையாவது அச்சடிப்பதென்றால் ஆட்டக்காரரின் முழுப் பெயரை அச்சடியுங்கள். வாசகம் வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டால், அவர்களே உட்கார்ந்து எழுதட்டும். போன ஆட்டத்தில் எங்கே வழுக்கினோம் என்று பேசிய பிறகு எழுதட்டும்.

வயதுப் பிரிவு ஆட்டங்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மைகிட் அடையாள அட்டையில் புகைப்படம் கிடையாது. அதனால்தான் அந்தப் பிரிவில் ஆள்மாறாட்டம் அவ்வளவு சுலபம். தலைமையாசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் இட்ட, படத்தோடு கூடிய பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு பிரதியை எதிரணி மேலாளரிடம் ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். சண்டை வருவதென்றால் முதல் விசிலுக்கு முன்பே வந்துவிடட்டும்.